தேக்கிலைப் பத்திரிகையும் தலைமையாசிரியர் மயிலும்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைமையாசிரியர் மயில். பள்ளியின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் அவருக்கு இருபத்துநாலு மணி நேரமும் கவலை.

அங்கே பிள்ளைகளே நடத்தும் பத்திரிகை ஒன்று உண்டு. திங்கட்கிழமைதோறும் ஒரு பெரிய தேக்கிலையில் எழுதி, வாசல் புங்கமரத்தில் முள்ளால் குத்தி வைப்பார்கள். எழுதுவது ஐந்தாம் வகுப்புக் கீரிப்பிள்ளை வடிவு. கண்ணில் பட்டதை எழுதாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் வகுப்புக் கூரையில் ஒரு பன்றிக்குட்டி புகுந்து வரலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. வடிவின் தங்கை அந்த வகுப்புதான். அவள் இருமிய இருமலில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அந்த வாரம் வடிவு இப்படி எழுதினாள்:

"மூன்றாம் வகுப்புக் கூரை ஒழுகுகிறது. பதினோரு பேர் நனைந்தார்கள். நாலு பேருக்குக் காய்ச்சல்."

இலை மரத்துக்குப் போகும் முன்பே மயில் அதை வாங்கிப் படித்துவிட்டார்.

"இது நம்ம பள்ளிக்கூடம்தானே, வடிவு?"

"ஆமாம் சார். அதனாலதான் எழுதினேன்."

"ஊரே வந்து படிக்கிற இடத்துல இதையா தொங்க விடுவாங்க?"

"ஒழுகுதா இல்லையா, சார்?"

"ஒழுகுது. அதுக்காக எழுதணுமா? இனிமே நான் பார்த்துத் திருத்தாம ஒரு இலையும் மரத்துக்குப் போகக் கூடாது."

தோகையிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி மையில் தோய்த்து, மயில் திருத்த உட்கார்ந்தார். அவர் எழுந்தபோது இலையில் இப்படி இருந்தது:

"மூன்றாம் வகுப்பு நல்ல காற்றோட்டமும் குளிர்ச்சியும் உடையது. பதினோரு பேர் மழையைப் பற்றி நேரடியாகக் கற்றனர். நால்வர் வீட்டில் ஓய்வெடுத்து வருகின்றனர்."

வடிவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "சார், இதுல என் பேரைப் போடாதீங்க. இது நான் எழுதினது இல்ல."

"இவ்வளவு நல்ல எழுத்துக்கு என் பேரைப் போட எனக்கென்ன கூச்சம்?" என்று மயில் தன் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதி, தாமே கொண்டுபோய் மரத்தில் குத்தி வைத்தார்.

இத்தனைக்கும் மயில் கெட்டவர் இல்லை. புதுக் கூரை வேண்டும் என்று சித்திரை மாதமே அரண்மனைக்கு மனு போட்டிருந்தார். ஊருக்குத் தெரியாமல் கூரை மாறிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. மனுவை விசாரிக்க அரண்மனை ஆமையை அனுப்பியது. சித்திரையில் புறப்பட்ட ஆமை, இந்த இலை தொங்கிய மறுநாள்தான் வந்து சேர்ந்தார்.

அன்று பார்த்து நல்ல வெயில். பிறந்ததிலிருந்து கூரையை முதுகிலேயே சுமந்து திரிகிறவருக்கு ஒழுகுவது என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? ஓட்டையை அண்ணாந்து பார்த்து, "நல்ல வெளிச்சம்" என்றார். பிறகு புங்கமரத்தடியில் நின்று இலையை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"காற்றோட்டம், குளிர்ச்சி. கீழே உங்க பேர். அப்புறம் எதுக்குப் புதுக் கூரை? கூரைக்கு ஒதுக்கின கீற்றை வேற பள்ளிக்கு அனுப்பிடறேன்."

மயிலுக்கு வியர்த்துவிட்டது. "ஐயா, நிஜமாவே ஒழுகுது."

"மனுவும் நீங்க எழுதினது, இலையும் நீங்க எழுதினது. நான் எதை நம்பறது?"

"இந்தப் பிள்ளையைக் கேளுங்க. வடிவு, சொல்லும்மா."

"இங்க பிள்ளைங்க எழுதறதை நீங்க திருத்துவீங்களா?" என்று ஆமை குறுக்கே மயிலைக் கேட்டார்.

"ஒண்ணு விடாம திருத்துவேன், ஐயா." பழக்கத்தில் பெருமையாகவே சொல்லிவிட்டார்.

"அப்போ இவ சொன்னாலும் அது நீங்க சொன்னதுதான்" என்று ஆமை கிளம்பத் திரும்பினார். அவர் திரும்பி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். அது நல்லதாய்ப் போயிற்று.

இந்த மழைக்காலம் முழுக்கத் தங்கை அந்த ஓட்டைக்குக் கீழேதான் உட்கார வேண்டும் என்று நினைத்ததும் வடிவு ஓடினாள். ஆமைக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, நான் ஒரு இலை எழுதித் தரேன். நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் சார் அதைப் பார்க்கக் கூடாது."

ஆமை யோசித்தார். "சரி. தலைமையாசிரியர் அந்தப் பக்கம் திரும்பிக்கட்டும்."

முன்னூறு பிள்ளைகள் பார்க்க, மயில் சுவரைப் பார்த்து நின்றார். கழுத்து மட்டும் தானாக இந்தப் பக்கம் வளைந்தது. "சார், பார்க்காதீங்க" என்றது ஒரு மூன்றாம் வகுப்பு முயல்குட்டி.

வடிவு எழுதிக் கொடுத்தாள். ஆமை படித்தார்: "கூரை ஒழுகுகிறது. பதினோரு பேர் நனைந்தார்கள். நாலு பேருக்குக் காய்ச்சல், அதில் ஒருத்தி என் தங்கை. சார் மனுவில் எழுதியது உண்மை. இலையில் எழுதியது பொய்."

"திருத்தின இலையா இருந்தா இந்தக் கடைசி வரி இருக்காது" என்று சொல்லி ஆமை மனுவில் கையெழுத்துப் போட்டார்.

மூன்றே நாளில் கீற்று வந்து இறங்கியது. கொண்டுவந்தது ஆமை இல்லை, யானை.

அடுத்த திங்களிலிருந்து இலைகள் நேரே மரத்துக்குப் போயின. மயிலும் எல்லோரோடும் முண்டியடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. அந்த வாரச் செய்தி இது: "புதுக் கூரை போட்டாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் தலைமையாசிரியர் ஒரு மணி நேரம் ஆடினார். பார்த்தவர்களுக்குப் பசித்தது."

"ஒரு மணி நேரமா ஆடினேன்?" என்று மயில் முனகினார்.

"ஒன்றரை, சார்" என்றது கூட்டம்.

நீதி: பிறர் வாயை அடைப்பவர் உண்மையே சொன்னாலும், அதற்குச் சாட்சி சொல்ல ஒரு வாயும் மிஞ்சாது.