உட்கார்ந்து செய்யும் வேலை

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்கு உடம்பைக் குறைக்க வருகிறவர்கள் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தங்கிப் போவார்கள். அவர்களுக்குச் சோறு அளந்து போடும் பொறுப்பு ஏகாம்பரத்துடையது. மளிகைக் கடையில் முப்பது வருஷம் தராசு பிடித்துவிட்டு, அறுபது வயதில் சீடராக வந்து சேர்ந்தவர். குரு நீலாம்பிகை அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் பட்டணத்தில் பிரசவம் பார்த்த டாக்டர். ஏகாம்பரம் கடவுளைக்கூடக் கொஞ்சம் சந்தேகப்படுவார், தன் தராசைச் சந்தேகப்பட மாட்டார்.

அந்த மண்டலத்தில் பதினெட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். இருபதாம் நாள் எடை பார்த்தபோது பதினேழு பேர் இளைத்திருந்தார்கள். செல்வராணி மட்டும் வந்தபோது இருந்த எடையிலேயே இருந்தாள். எல்லோருக்கும் போட்ட அதே கஞ்சிதான், அதே கீரைதான் அவளுக்கும்.

திருடித் தின்கிறாள் என்று ஏகாம்பரத்துக்கு உடனே விளங்கிவிட்டது. சமையலறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். வாசற்படியில் அரிசி மாவைத் தூவி வைத்தார். காலையில் பார்த்தால் எறும்பு ஊர்ந்த தடம்தான் இருந்தது. அதனால் என்ன, அவள் மாவைத் தாண்டிப் போயிருப்பாள் என்று முடிவு கட்டினார். மறுநாள் எல்லோர் முன்னாலும் அவள் பையைக் கொட்டச் சொன்னார்.

இரண்டு புடவை, ஒரு சீப்பு, மூன்று வயது மகளின் போட்டோ. அவ்வளவுதான் விழுந்தது. பால்வாடியில் மகளைக் குண்டு என்று கேலி செய்கிறார்கள், தான் ஏதாவது கற்றுக்கொண்டு போனால் அவளுக்கும் உதவும் என்றுதான் செல்வராணி வந்திருந்தாள். ஏகாம்பரம் போட்டோவை எடுத்துப் பார்த்தார். பெற்றவள் வாயைக் கட்டியிருந்தால் பிள்ளை இப்படி ஆகியிருக்குமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். செல்வராணி அழவில்லை. புடவைகளை மடித்துத் திரும்பப் பையில் வைத்தாள்.

அவளை அன்றே ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஏகாம்பரம் குருவிடம் போய் நின்றார். அனுப்பினால் திருடி என்ற பேரோடுதான் அவள் போவாள். அது அவருக்கும் தெரியும்.

“படி பொய் சொல்லாதும்மா. நான் ஒரு பருக்கை கூடுதலாப் போடல. அப்போ அவளுக்கு யார் போட்டது?”

குரு செல்வராணியைக் கூப்பிட்டார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை.

“உன்னை வயித்துல வச்சிருக்கும்போது உங்கம்மா என்ன வேலை பாத்தாங்க?”

செங்கல் சூளையில் வேலை என்றாள் செல்வராணி. மாசமாக இருக்கிறவள் தலையில் கல் சுமக்கக் கூடாது என்று சொல்லி, மேஸ்திரி அவள் அம்மாவைச் சூளை வாயருகே உட்கார வைத்து நெருப்புக்கு உமி தள்ளச் சொன்னாராம்.

“உக்காந்து செய்யற வேலை. வெயிலே படலயாம். அந்த மேஸ்திரி நல்லா இருக்கணும்னு அம்மா இன்னிக்கும் கும்பிடும்.”

சோற்றைப் பற்றிக் கேட்டால் சூளையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று ஏகாம்பரத்துக்கு எரிச்சலாக வந்தது. அவர் வாயெடுப்பதற்குள் குரு எழுந்து நடந்தார். ஏகாம்பரமும் பின்னாலேயே போனார்.

மடத்துக்குப் பின்புறம், புதிதாகக் கட்டப்போகும் சாப்பாட்டுக் கூடத்துக்காகச் செங்கல் வெந்துகொண்டிருந்தது. அதற்கும் ஏகாம்பரம்தான் மேற்பார்வை. சூளை வாயருகே பரிமளா என்ற பெண் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உமி தள்ளிக்கொண்டிருந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கல் சுமந்துகொண்டிருந்தவளைப் போன வாரம் ஏகாம்பரம்தான் இரக்கப்பட்டு இங்கே மாற்றினார். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லிக் குரு அவளை அனுப்பினார். பிறகு அவள் இடத்தில் உட்கார்ந்து உமியைத் தள்ளத் தொடங்கினார். காற்று இந்தப் பக்கம் திரும்பியது. புகை குருவை மூடியது. அவர் இருமினார், ஆனால் எழவில்லை.

ஏகாம்பரம் பதறிப்போனார்.

“அம்மா, எழுந்திரிங்க. இந்தப் புகையெல்லாம் ஒடம்புக்குள்ள போகக் கூடாது.”

“உக்காந்து செய்யற வேலைதானே, ஏகாம்பரம்.”

அந்த மேஸ்திரியும் தன்னைப் போல இரக்கப்பட்ட மனுஷன்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போட்டோவில் பார்த்த குழந்தையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் தான் பேசிய பேச்சை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அப்போ செல்வராணி ஒடம்பு இப்படி இருக்கறதுக்கு இதுதான் காரணமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“உறுதியா சொல்ல முடியாது. வயித்துல இருக்கும்போதே புகை பட்டா, பொறந்த பிறகு ஒடம்பு கொழுப்பைச் சேத்து வைக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. அந்தப் புள்ளைக்குப் பொறக்கற புள்ளை வரைக்கும்கூடப் போகலாமாம். போகலாம், அவ்வளவுதான் தெரியும். ஆனா பையைக் கொட்டிப் பாத்தா அது விழாது.”

பரிமளா திரும்பி வந்தாள். தன் இடத்தில் குரு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

“எழுந்திரிங்கம்மா, நான் பாத்துக்கறேன். வேற சூளையில இப்படி லேசான வேலை யாரும் தர மாட்டாங்க. ஐயா பாத்துக் குடுத்தது.”

ஏகாம்பரத்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் போய் செல்வராணிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேம்மா.”

“கேளுங்க. ஆனா அவளுக்கு இருபத்தாறு வயசு ஆயிடுச்சு, ஏகாம்பரம். இவளுக்கு இப்பத்தான் அஞ்சாம் மாசம்.”