நாலு மாமன்மாரும் ஒரு நீலப் புள்ளியும்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. கையில இருக்கிற ஃபோனைக் கவுத்து வச்சிருங்க. இது ஃபோனைப் பத்தின கதை, அது காதுல விழுந்தா அதுக்குக் கோவம் வந்துரும்.

ஓட்டைக்கரைப்பட்டியில் அண்ணன் தம்பி நாலு பேர். மூத்தவன் ஆவுடையப்பன், அடுத்தவன் சுடலைக்கண்ணு, மூணாமவன் கூடலிங்கம், கடைசி சீனிராசு. இதில் கூடலிங்கம்தான் புத்திசாலி. மத்த மூணு பேரும் அஞ்சாம் வகுப்போடு நின்னுட்டாங்க. கூடலிங்கம் எட்டாவது வரை போய், எட்டாவதிலேயே மூணு வருசம் இருந்து, நிறுத்தி நிதானமாப் படிச்சவன். வீட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் மூணு பேரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவனும் கண்ணை மூடி, மூக்கை ரெண்டு தடவை தடவி, ஒரு முடிவு சொல்லுவான். அப்படி மூக்கைத் தடவுகிற நேரத்தில், இந்தக் குடும்பமே தன் மூக்கில்தான் தொங்குகிறது என்று அவனுக்கு ஒரு பெருமிதம் வரும்.

இவர்களுக்கு ஒரே தங்கச்சி, வேலுத்தாய். எட்டு மைல் தள்ளி செவல்மேட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாலு வருசத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த பிள்ளைக்குக் காதுகுத்து. பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று போட்டிருந்தது. நாலு பேரும் வேட்டி கட்டி வாசலில் வந்து நின்று பார்த்தால், சூழுவதற்கு ஆளே இல்லை. சுற்றம் அத்தனையும் விடியக்காலையிலேயே செவல்மேட்டுக்கு வண்டி ஏறிவிட்டது. "யாரும் சூழாம எப்படிப் போறது? பத்திரிகையில அச்சடிச்சே போட்டிருக்கானே" என்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை அன்றைக்கு வேலுத்தாயின் மாமனார் மடியில் உட்கார்ந்தது. அன்றையிலிருந்து மாமனார் வாயில் அவளுக்கு 'மாமன் இல்லாத வீட்டுப் பொண்ணு' என்றுதான் பேர். சோறு போடும்போது ஒரு தடவை, கை கழுவும்போது ஒரு தடவை.

இப்போது சின்னப் பெண்பிள்ளைக்குக் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ரெத்தினக்கிளி மதனி ஃபோனுக்குக் கூப்பிட்டு, நாலு பேரையும் வரச்சொல்லி வேலுத்தாய் பேசினாள்.

"அண்ணே, நாலு பேரும் நல்லாக் கேட்டுக்கோங்க. வர்ற வெள்ளிக்கிழமை காலையில பத்து மணி. அய்யனார் கோயில். தாய்மாமன் மடி இல்லேன்னா எங்க மாமனார் மறுபடியும் மடிய விரிச்சிருவாரு. இந்தத் தடவையும் ஏமாத்துனீங்க, எனக்கு அண்ணன்மாரே இல்லன்னு தலை முழுகிருவேன். முதல்ல ஒரு ஃபோன் வாங்குங்க. அது சொல்றபடி கேளுங்க. உங்க சொந்தப் புத்திய மட்டும் உபயோகிச்சிராதீங்க, உங்க கால்ல விழுறேன்."

தங்கச்சி அழுததும் நாலு பேருக்கும் நெஞ்சு கனத்துப்போனது. சொந்தப் புத்தியை உபயோகிப்பதில்லை என்று அய்யனார் மேல் சத்தியம் பண்ணினார்கள்.

திங்கட்கிழமை டவுனுக்குப் போய் ஃபோன் வாங்கினார்கள். கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, விளக்கு எரியவிட்டு, கூடலிங்கத்தின் கையில் கொடுத்தார். "இதுல 'முழுவதும் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்'னு இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க."

"இன்னும் படிக்கலியே" என்றான் கூடலிங்கம்.

"யாரும் படிக்கமாட்டாங்க அண்ணாச்சி. சும்மா தொடுங்க."

"படிக்காம படிச்சேன்னு எப்படிச் சொல்றது? வாங்குன அன்னைக்கே பொய்யா?"

கடை வாசல் படியில் உட்கார்ந்து கூடலிங்கம் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தான். மூணு பேரும் கைகட்டிக் கேட்டார்கள். பதினோரு மணிக்கு ஆரம்பித்தது, கடைக்காரர் சாப்பிட்டு வந்த பிறகும் ஓடியது. நடுவில், 'உங்கள் விவரங்களை எங்கள் கூட்டாளிகளோடு பகிர்ந்துகொள்வோம்' என்று ஒரு வரி வந்ததும் ஆவுடையப்பன் கையைத் தூக்கினான்.

"யாருலே அந்தக் கூட்டாளிக? எந்த ஊரு?"

"போடலண்ணே."

"அவன் பேரச் சொல்லமாட்டான், நம்ம விவரம் மட்டும் வேணுமோ? பொண்ணு கேட்டு வர்றவனே நாலு இடத்துல விசாரிக்கச் சொல்லுவான்."

உலகத்திலேயே அதை முழுசாக வாசித்து, சந்தேகம் கேட்டு, யோசித்து ஒப்புக்கொண்ட ஆட்கள் இந்த நாலு முட்டாள்கள்தான். படித்தவர்கள் அத்தனை பேரும் படிக்காமலே தொட்டவர்கள்.

செவ்வாய்க்கிழமை சீருக்குத் தாம்பாளமும் பழமும் வாங்கச் சந்தைக்குக் கிளம்பினார்கள். ஃபோன், 'இன்று மழை, எழுபது சதவீதம்' என்றது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"எழுபது சதவீதம்னா நாலு பேருல எத்தன பேரு நனையணும்?" என்று கேட்டான் சுடலைக்கண்ணு.

கூடலிங்கம் மூக்கைத் தடவினான். சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டான். "ரெண்டு பேரு முழுசா. மூணாவது ஆளு கழுத்து வரைக்கும். நாலாவது ஆளு நனையக்கூடாது."

மத்தியானம் வரை வானத்தைப் பார்த்தார்கள். ஒரு துளி விழவில்லை. அதற்காக ஃபோனைப் பொய்யாக்கிவிட முடியுமா? மூத்தவர்கள் ரெண்டு பேர் தலையில் ஆளுக்கு ரெண்டு குடம் ஊற்றினார்கள். கூடலிங்கத்துக்குக் கழுத்து வரை அளந்து ஊற்றினார்கள். சீனிராசு குடை பிடித்துக்கொண்டான். இந்தக் கோலத்தில் நாலு பேரும் தெருவில் போனதை ரெத்தினக்கிளி மதனி பார்த்தாள்.

"என்ன கொழுந்தனாரே, எந்த ஊர்ல மழை?"

"ஃபோன்ல, மதனி" என்றான் கூடலிங்கம், ஈரத்தோடு.

புதன்கிழமை ஃபோனில் ரெண்டு செய்தி. முதல் செய்தி: இனி மனிதனுக்காக எந்திரமே யோசிக்கும், மனிதன் யோசிக்கத் தேவையில்லை. அப்படியே ஆகட்டும் என்று நாலு பேரும் அன்றைக்கே யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ரெண்டாவது செய்தி யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பியது. சாயங்காலம் நாலு மணிக்குப் பூமி ரெண்டு நிமிசம் சுத்தாமல் நிற்கும், எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும், பத்துப் பேருக்கு இதை அனுப்பவும். எப்படி அனுப்புவது என்று இவர்களுக்குத் தெரியாது. அதனால் நாலு பேரும் நடந்தே பத்து வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, ஃபோனைக் காட்டிவிட்டு வந்தார்கள். நாலு மணிக்குப் பார்த்தால், பத்துப் பேரில் ஆறு பேர் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். அதில் ஒருத்தர் ரிட்டையர்டு வாத்தியார். அந்த ஆறு பேரையும் ஊரில் யாரும் முட்டாள் என்று சொன்னதே இல்லை.

வியாழக்கிழமை ஒரு சேதி வந்தது. மறுநாள் பஸ் ஸ்ட்ரைக்.

"எட்டு மைலுதானே, நடந்து போயிருவமா?" என்றான் சீனிராசு.

ஆவுடையப்பன் அவன் வாயைப் பொத்தினான். "எலே, அது உன் சொந்தப் புத்தி. சத்தியம் மறந்துபோச்சா?"

ஓடினார்கள் ஃபோன் கடைக்கு. கடைக்காரர் வழி காட்டும் படத்தைத் திறந்து காட்டினார். திங்கட்கிழமை பட்ட பாடு இன்னும் அவருக்கு மறக்கவில்லை, அதனால் சுருக்கமாக முடித்தார். "இந்த நீலப் புள்ளி தெரியுதா? இதுதான் நீங்க. ஃபோன் எங்க இருக்கோ, அங்க நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம். புள்ளி செவல்மேட்டுல போய் நின்னா நீங்க செவல்மேடு போயாச்சு. கிளம்புங்க."

ஆவுடையப்பன் புள்ளியை உற்றுப் பார்த்தான். "நாங்க நாலு பேரு. புள்ளி ஒண்ணுதான இருக்கு?"

கடைக்காரர் தலையில் கைவைத்தார். கூடலிங்கம்தான் விளக்கினான்: "நாம ஒரே வயித்துல பெறந்தவங்கள்லாண்ணே. அது இதுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு." திங்கட்கிழமை ஒப்புக்கொண்டதில் அந்த விவரமும் போயிருக்கும் என்று மத்த ரெண்டு பேரும் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் குளித்து, பட்டை பூசி, தாம்பாளத்தோடு ரோட்டில் நின்றார்கள். பஸ் இல்லை. செவல்மேட்டுக்குப் பால் ஏற்றிப் போகும் வண்டி மட்டும் வந்தது. ஓட்டுகிற அந்தோணி தலையை நீட்டினான். "பின்னால பூரா கேன். முன்னால ஒரு ஆளுக்குத்தான் இடம். யாரு ஏறுறா? சட்டுனு சொல்லுங்க, பால் திரிஞ்சிரும்."

"மூத்தவன் நான் போறேன்" என்றான் ஆவுடையப்பன்.

"அப்ப நாங்க மூணு பேரும் மாமன் இல்லையா?" என்று சுடலைக்கண்ணு துண்டை உதறினான்.

"கடைசிப் பையன் மடிதான் மெத்துனு இருக்கும்" என்றான் சீனிராசு.

அந்தோணி ஹாரன் அடித்தான். மூணு பேரும் கூடலிங்கத்தைப் பார்த்தார்கள். கூடலிங்கம் மூக்கைத் தடவினான். அவன் ஆயுசில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை.

"ஃபோன் எங்க இருக்கோ அங்க நாம இருக்கோம். இருக்கிறது ஒரு ஆளு இடம். புள்ளியும் ஒண்ணு. நாலு பேரும் போயிரலாம்ணே!"

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு நடுவில் ஃபோனை வைத்து, அதற்குச் சந்தனம் தொட்டு, ஸீட்டில் உட்கார வைத்தார்கள். "பள்ளத்துல மெதுவா ஓட்டு அந்தோணி, சின்னவனுக்கு வண்டி ஒத்துக்கிடாது" என்று ஆவுடையப்பன் சொல்லி அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து நாலு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். நேரத்துக்குப் போய்ச் சேரப்போகிற நிம்மதி முகத்தில் தெரிந்தது. காலைச் சாப்பாடுகூட வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். விருந்து அங்கேதானே.

பத்து மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது ரெத்தினக்கிளி மதனி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "அடப் பாவிகளா, இங்கயா உட்கார்ந்திருக்கீக? உங்க தங்கச்சி அங்க கெடந்து கதறுறா! உங்க ஃபோனுக்கே போட்டுத் தாரேன், மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

மதனியின் ஃபோனில் வேலுத்தாய் முகம் தெரிந்தது. கண் சிவந்திருந்தது. "அண்ணே, தாம்பாளம் மட்டும் வந்திருக்கு. எங்கண்ணே இருக்கீங்க?"

"உன் கையிலதான் தங்கச்சி" என்றான் ஆவுடையப்பன்.

வேலுத்தாய் கையிலிருந்த ஃபோனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மாமனார் துண்டை உதறி மடியை விரிப்பதும், ஃபோனும் கையுமாகச் சுற்றிலும் கூட்டம் நிற்பதும் தெரிந்தது. "பத்தாகப்போகுது. காது குத்துற ஆசாரி காத்திருக்காரு. மாமன் இல்லாத வீட்டுப் பொண்ணே, பிள்ளைய இங்க கொண்டா" என்ற அவர் குரலும் கேட்டது.

கூடலிங்கம் ஃபோனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தான். மூக்கைத் தடவக்கூட மறந்துபோனான். "அழாத தங்கச்சி. நாலு பேரும் வந்துதான் இருக்கோம். அங்க பாரு, வந்திருக்கிற எண்பது பேரும் கையில ஃபோனத்தான் தூக்கிப் பிடிச்சிருக்காக. ஒருத்தராவது உன் பிள்ளைய நேராப் பாக்காகளா? அவுகளும் ஃபோனைத்தான் அனுப்பியிருக்காக. நாங்களும் அனுப்பியிருக்கோம். பிள்ளைய எங்க மேல உட்கார வை."

வேலுத்தாய் மாமனாரைப் பார்த்தாள். எண்பது ஃபோனையும் பார்த்தாள். மூக்கை முந்தானையில் துடைத்தாள். "இந்தா மாமா, எழுந்திரிங்க. உங்க மடிக்கு எங்க அண்ணன்மாரு ஃபோன் கண்ணாடியே மேலு."

மனைப்பலகையில் ஃபோன் மல்லாந்தது. இங்கே நாலு பேருக்கும் முதலில் வானம் தெரிந்தது, பிறகு ஆலமரத்துக் கிளை, பிறகு சின்னவளின் பின்பக்கம் மேலேயிருந்து பெரிசாகி, பெரிசாகி, ஒரே இருட்டு.

"இருட்டிருச்சேலே!" என்று அலறினான் சுடலைக்கண்ணு.

"மருமக மடியில உட்கார்ந்துட்டாண்ணே" என்றான் கூடலிங்கம். சம்மணம் போட்டு, மதனியின் ஃபோனை மடியில் வைத்து, அசையாமல் உட்கார்ந்தான். மூணு பேரும் அவனை ஒட்டி உட்கார்ந்து கை கொடுத்தார்கள்.

இருட்டுக்குள்ளே மேளச் சத்தம். ஆசாரி, "தலைய ஆட்டாம பிடிங்கம்மா" என்றார். சுருக்கென்று ஒரு அலறல். நாலு மாமன்மாருக்கும் கண்ணீர் வழிந்தது. ரெண்டாவது காது, ரெண்டாவது அலறல். யாரோ குலவை போட்டார்கள். "என்னப்பா, மாமன் மடியிலதான் குத்தியிருக்கு" என்று ஒரு கிழவர் சொன்னது நன்றாகக் கேட்டது. மாமனார் சத்தம் கேட்கவில்லை.

அப்புறம் சலசலவென்று ஒரு சத்தம். கொர்ரென்றது. அங்கே இருந்த ஃபோன் நின்றுபோனது.

"ஐயய்யோ, என்னலே ஆச்சு?" என்றான் ஆவுடையப்பன்.

"பயந்த பிள்ளைல்லா, ஒண்ணுக்கு இருந்துட்டா" என்றாள் ரெத்தினக்கிளி மதனி.

கூடலிங்கம் மதனியிடம் ஃபோனைக் கொடுத்தான். துளி ஈரமில்லாத வேட்டியைத் தரையில் சொட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டிக் கிணற்றடிக்கு நடந்து போனான். வேட்டியை அவிழ்த்து, ரெண்டு வாளித் தண்ணீரில் அலசி, பிழிந்து, முகத்தில் அத்தனை பூரிப்போடு கொடியில் காயப்போட்டான்.