யானைக்குக் கரும்பு

செங்காட்டு ராஜாவின் ஏரிக்கரை உடைந்துவிட்டது. கரை கட்டுகிறவருக்குக் கூலியோடு ஏரி மீன் குத்தகையும் உண்டு. விருப்பமுள்ளவர்கள் கூலியை ஓலையில் எழுதி, முத்திரையிட்டு, காரியக்காரர் வைத்தியலிங்கத்தின் பெட்டியில் போட வேண்டும். ஆனால் எந்த வேலையானாலும் அவர் மைத்துனன் சொக்கப்பன் கேட்ட கூலிதான் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

மண்வெட்டும் மாசாணி சபையில் முறையிட்டாள். “ஓலைகளை முன்னாலேயே பிரிச்சுப் பாக்குறாங்க, மகாராஜா.”

“பெட்டியைத் தொடாமல் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும்” என்றார் வைத்தியலிங்கம்.

மாசாணி சம்மதித்து, தானும் ஓர் ஓலை போட்டாள்.

சபையில் ஓலைகளைப் பிரித்தார்கள். மாசாணியின் ஓலையில், “கூலி வேண்டாம். அரண்மனை யானைக்குத் தினமும் ஒரு கட்டுக் கரும்பும் தருகிறேன்” என்றிருந்தது. சொக்கப்பன் ஓலையில், “கூலி வேண்டாம். யானைக்குத் தினமும் இரண்டு கட்டுக் கரும்பு தருகிறேன்” என்றிருந்தது.

“யானைக்குக் கரும்பு வேணும்னு யாருங்க கேட்டது?” என்றாள் மாசாணி.

வைத்தியலிங்கம் சொக்கப்பனை முறைத்தார்.

“அவர்கள் பிரித்துப் பார்க்காமல் இருந்திருந்தால்?” என்றார் ராஜா.

“சொன்னபடி கூலியில்லாம கரை கட்டி, கரும்பும் சுமந்திருப்பேங்க. பெட்டி சுத்தம்னு தெரிஞ்சா எனக்கு அது போதும்.”

ராஜா தன்னையறியாமல் ஆசனத்தைவிட்டு எழுந்து நின்றார்.

வைத்தியலிங்கத்தின் பதவி அன்றே போனது. புது ஓலைகளைச் சந்தைவெளியில் எல்லோர் முன்னிலையிலும் பிரித்தார்கள். கரையை மாசாணிதான் கட்டினாள், நியாயமான கூலிக்கு.