யானைக்குன்றைச் சுற்றிய சுல்தான்

முன்னொரு காலத்தில் மாணிக்கக்கோட்டை ராஜ்யத்தை ஜமீல் ஷா என்றொரு சுல்தான் ஆண்டுவந்தார். இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அதை இப்போதே எடுத்து நீட்டினால் நீங்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் சுல்தானுக்கு உடம்பு சரியில்லை.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று அடிவயிற்றிலிருந்து கர்ஜிப்பார் சுல்தான். கர்ஜனையின் பாதியிலேயே இருமல் வந்துவிடும். அந்த வருஷம் நோன்பு மாதம் சித்திரை வெயிலில் வந்து விழுந்திருந்தது. "பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் ஹுஸூருக்குத் தாங்காது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு" என்று பூனை மாதிரி முனகினார் அரண்மனை வைத்தியரான ஹக்கீம்.

"நோயாளி வேண்டுமா உனக்கு? லாயத்தில் கழுதைகள் நிற்கின்றன. போய் நாடி பார்!"

அமைச்சர் நரஹரி ராயர் லாயத்துக்கே போய் ஹக்கீமைப் பிடித்தார். நெற்றியில் கோபிசந்தனம், பின்னால் வெள்ளைக் குடுமி, நடையில் லேசான தள்ளாட்டம். சுல்தானின் தகப்பனார் காலத்திலிருந்தே அந்தச் சபையில் இருப்பவர்.

"பிழைப்பாரா?" என்றார்.

ஹக்கீம் கழுதையின் காதை விடவில்லை. "இது பிழைக்கும். அவர் இந்த மாதம் முழுக்க நோன்பிருந்தால்..." என்று இழுத்துவிட்டு அடுத்த கழுதைக்கு நகர்ந்தார்.

ராயர் அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை. நேரே மார்க்கச் சட்டம் சொல்லும் காஜியாரிடம் போனார். காஜியார் மூக்கால் பேசுகிறவர். "நோயாளிக்கும் விலக்கு, பிரயாணிக்கும் விலக்கு. விட்ட நோன்பை மார்கழியில் பிடித்துக்கொள்ளலாம். குளிர்ச்சி, பகலும் சின்னது. சுல்தான் நோயாளிதான் ராயரே. ஆண்டவனுக்கு அது தெரியும். சுல்தானுக்குத்தான் தெரியவில்லை."

"அப்படியானால் பிரயாணம் என்ற சாக்கு அவர் வீம்புக்கு மட்டும்தான் வேண்டும்?"

"நீர் எதுவும் கேட்கவில்லை, நான் எதுவும் சொல்லவில்லை" என்று காஜியார் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் சபையில் ராயர் தலையில் அடித்துக்கொண்டார். "ஹுஸூர்! வடக்கு எல்லைக் கல்லை எவனோ நகர்த்திவிட்டான்! தாங்களே வந்து பார்த்தால்தான் சண்டை தீரும்!" சொல்லும்போதே அவர் கை தானாகக் கழுத்தைத் தடவியது. சுல்தானிடம் பொய் சொன்னவன் தலை அங்கே நிற்பதில்லை.

பல்லக்கு கிளம்பியது. கூடவே ஒட்டிக்கொண்டு கிளம்பினார் தாண்டவப் பிள்ளை. அமைச்சர் பதவி எப்போது காலியாகும் என்று வாயூறிக் காத்திருப்பவர் அவர்.

எங்கே எல்லை, எங்கே கல்! ஊரைத் தாண்டியதும் யானைக்குன்று. அதைச் சுற்றி மாந்தோப்பு, குளம், நிழல். காலையில் கொஞ்சம் நகர்வார்கள், வெயில் ஏறுமுன் தோப்பில் இறங்கிவிடுவார்கள். ராயர் சொல்லிவைத்தபடி தோப்புக் காவல்காரன் முனியன் பச்சைத் தலைப்பாகையோடு வந்து, "சாமி, நான் மேலப்பட்டி மணியக்காரன்!" என்று கும்பிடுவான். அடுத்த நாள் அதே முனியன், சிவப்புத் தலைப்பாகை, தொண்டையை மட்டும் கரகரவென்று மாற்றி, "சாமீ, நான் நடுவப்பட்டி மணியக்காரன்!" அதற்கடுத்த நாள் முக்காடு போட்டுக் கீச்சுக்குரலில், "நான் கீழப்பட்டி மணியக்காரன் பெண்டாட்டிங்க!" மீசையை மறைக்க மறந்துபோனான்.

முதல் நாள் சுல்தான் முரண்டு பிடித்தார். "பிரயாணிக்கு விலக்கு உண்டுதான். ஆனால் வேண்டாம்."

"சரி ஹுஸூர்" என்று ராயர் தம் செம்பைக் கவிழ்த்து வைத்தார். "தாங்கள் குடிக்காமல் நான் என்றைக்குக் குடித்தேன்?"

வெயில் உச்சிக்கு வந்தது. ராயரின் உதடு வெடித்திருந்தது. சுல்தான் அதைப் பார்த்தார், வேறு பக்கம் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "பிடிவாதக்காரக் கிழவரே!" என்று முணுமுணுத்துக்கொண்டு கூஜாவைத் தூக்கிக் குடித்தார். அப்புறம்தான் ராயர் குடித்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே கொண்டாட்டம். ஏமாற்றிவிட்டோம்!

இப்படியே நாட்கள் போயின. சுல்தானின் இருமல் குறைந்தது, முகத்தில் ரத்தம் ஊறியது. ஒரு நாள் தாண்டவப் பிள்ளை முக்காட்டுக்குள் மீசையைப் பார்த்துவிட்டார்.

"ஹுஸூர்! மோசம் போனோம்! எல்லையும் இல்லை, கல்லும் இல்லை! ராயர் நம்மை இந்த ஒரே குன்றைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறார்! தங்கள் நோன்பைக் கெடுத்துவிட்டார்! இவர் தலையை..."

ராயர் மண்டியிட்டார். "தலை தங்களுடையது, ஹுஸூர். இந்த மாதம் முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை தண்ணீர் மட்டும் குடியுங்கள்."

சுல்தான் பிள்ளையைப் பார்த்தார். "குன்றைச் சுற்றுகிறோம் என்று உமக்கு எப்போது தெரிந்தது?"

"இப்போதுதான் ஹுஸூர்!" என்றார் பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி.

"இப்போதுதானா? தினமும் அதே மீசை வேறு வேறு வேஷத்தில் வருகிறது, உமக்கு இப்போதுதான் கண் திறந்ததா? உம்மையா நான் அமைச்சராக்குவது? போம், லாயத்தில் ஹக்கீமை விடுவித்துவிட்டு நீர் அந்தக் கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும்."

பல்லக்குத் தூக்கிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பிள்ளை போனபிறகு ராயர் மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் ஹுஸூருக்கு எப்போது..."

"நான் சின்ன வயதில் முயல் பிடித்த குன்று, ராயரே. முதல் நாளே தெரியும்."

"தெரிந்துமா குடித்தீர்கள்?"

"அரண்மனைக்குத் திரும்பினால் வீம்புக்கு நோன்பு பிடிப்பேன். நான் பிடித்தால் நீரும் தண்ணீர் தொடமாட்டீர். போன வருஷ நோன்பில் தாகம் தாங்காமல் சபையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீரே, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தீரா? குடியும் என்றால் கேட்கிற ஆளா நீர்?" சுல்தான் தாடிக்குள் சிரித்தார். "உம்மைத் தண்ணீர் குடிக்கவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் பேசாமல் ஏமாந்துகொண்டிருந்தேன்."

ராயர் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்தார். குன்றைப் பார்த்தார், சுல்தானைப் பார்த்தார். யார் யாரை இத்தனை நாளும் சுற்றவைத்தார்கள் என்பது அப்போதுதான் அந்தப் பெரிய மூளைக்குள் மெல்ல மெல்ல இறங்கியது.