வணக்கம் வைத்த கொக்கு

தெற்குச் சீனத்து மூங்கில் காட்டில் ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் யூலான் என்ற வெள்ளைக் கொக்கு கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. குங்ஃபூ சண்டையில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளே கிடையாது. அந்தப் பெருமை யூலானுக்கும் கொஞ்சம் உண்டு.

தினமும் விடிந்ததும் கூட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். முதலில் இரண்டு சிறகையும் சேர்த்து ஒரு வணக்கம். பிறகு இடது சிறகால் தடுப்பு, வலது சிறகால் வீச்சு. அப்புறம் குளத்தின் பக்கம் திரும்பி, ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு. அதன் பிறகு உதை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அலகுக் குத்து. இந்த அடிவரிசை ஒரு நாளும் இம்மியளவும் மாறாது. அழகென்றால் அப்படி ஓர் அழகு!

குளத்தில் ஆபௌ என்றொரு தவளை இருந்தது. சரியான வாயாடி.

"அக்கா, நான் எதிரே நிக்கட்டுமா? குறுக்கும் நெடுக்குமா தாவுறேன், என்னை அடிச்சுப் பழகு!"

"நீ தாவினா என் வரிசை கெட்டுப்போகும்டா!"

"சண்டைக்கு வர்றவன் உன் வரிசையைக் கேட்டுக்கிட்டா வருவான்?"

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? போடா!"

தவளை, 'நமக்கெதுக்கு வம்பு' என்று தண்ணீருக்குள் போய்விட்டது.

கரையோரப் புதரில் ஒரு காட்டுப்பூனை இருந்தது. அதற்கு முட்டை மேல் நாக்கு ஊறியது. கொக்கின் வீச்சைப் பார்த்தால் பயமாகவும் இருந்தது. தினமும் ஒளிந்திருந்து பார்த்தது. பார்க்கப் பார்க்க அடிவரிசை முழுக்க அதற்கும் மனப்பாடமாகிவிட்டது. கொக்கு திரும்பிக் கண்ணை மூடும் நேரம்தான் தோது என்று முடிவு கட்டியது.

ஒரு நாள் காலை. கொக்கு குளத்தைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடியது. பூனை பதுங்கி வந்து கூட்டில் காலை வைத்தது.

"அக்கா! பின்னாலே பாரு!" என்று தவளை கத்தியது.

யூலான் திரும்பியது. கூட்டில் பூனை! அந்தப் பதற்றத்தில் அது என்ன செய்தது தெரியுமா? சிறகைச் சேர்த்து வணக்கம் வைத்தது! பாவம், வணக்கம் வைக்காமல் அதற்கு எதையுமே தொடங்கத் தெரியாது.

"வணக்கம், கொக்கம்மா!" என்று பூனை சிரித்தது.

இடது சிறகு வந்தது. பூனை அதற்கு முன்பே குனிந்துகொண்டது. வலது சிறகு வந்தது. பூனை சாவகாசமாக விலகிக்கொண்டது.

"அடுத்து மூச்சுதானே? நிதானமா இழுத்து விடு! அதுக்குள்ளே நான் சாப்பிட்டுக்கறேன்!"

பூனையின் வாய் முட்டையை நெருங்கியது. யூலானுக்குப் பெற்ற வயிறு பற்றியெரிந்தது. மூச்சாவது, உதையாவது! கழுத்தை நீட்டிப் பூனையின் மூக்கிலே நறுக்கென்று ஒரு குத்து விட்டது.

"ஐயோ! அது கடைசியிலே வர்ற அடியாச்சே!" என்று அலறிக்கொண்டு பூனை ஓடியது. அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

யூலான் முட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. ஒன்றிலும் கீறல் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அது குளத்தைப் பார்த்துக் கூப்பிட்டது. "டேய் ஆபௌ! எதிரே வந்து நில்லுடா!"

"முதல்லே வணக்கம் வைக்கணுமா அக்கா?"

"வணக்கமெல்லாம் அப்புறம். நீ எந்தப் பக்கத்திலிருந்து வேணும்னாலும் தாவு!"

வித்தையை வரிசையாகக் கற்கலாம், ஆனால் ஆபத்து வரிசையாக வராது. சமயமறிந்து மாற்றத் தெரிந்தவருக்கே கற்ற வித்தை கைகொடுக்கும்.