இருவாச்சி வீட்டுச் சிறிய கல்யாணம்

மேகங்கள் இறங்கிவந்து மரங்களின்மேல் இளைப்பாறும் ஒரு மலைக்காட்டில், பொன்மூக்கி என்னும் இருவாச்சிப் பறவை வாழ்ந்துவந்தாள். வளைந்த பெரிய மஞ்சள் அலகும், அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோன்ற கொண்டையும் உடையவள். அந்த அலகில் ஒரு தூசி படிந்தாலும் அன்று முழுவதும் அவளுக்குப் பழம் இறங்காது.

இருவாச்சிகளின் கல்யாணம் நம்முடையதைப் போன்றதன்று, குழந்தைகளே. மணப்பெண் ஒரு மரப்பொந்துக்குள் போவாள். உள்ளிருந்தபடியே ஈரச் சேற்றைக் குழைத்துப் பூசி வாசலை அடைப்பாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரே ஒரு கீறலை மட்டும் விட்டுவைப்பாள். பிறகு தன் இறகுகளை உதிர்த்துவிட்டு, முட்டையிட்டு, குஞ்சு வளரும்வரை மூன்று மாதங்கள் அந்த இருட்டிலேயே இருப்பாள். கணவன் நாள்தோறும் பழம் கொண்டுவந்து கீறல் வழியே ஊட்ட வேண்டும். அவன் வராவிட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

பொன்மூக்கியின் மகள் அல்லிக்கு நெடுஞ்சிறகன் என்ற மாப்பிள்ளை உறுதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்ல பொந்துதான் கிடைக்கவில்லை.

ஒரு காலையில் நெடுஞ்சிறகன் மூச்சிரைக்கப் பறந்துவந்தான்.

"அத்தை, கிழக்குச் சரிவில் கிளை முறிந்து ஒரு பொந்து திறந்திருக்கிறது. ஓர் உடும்பு இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டது. நாளை மாலைக்குள் அல்லி உள்ளே போகாவிட்டால் பொந்து நமக்கில்லை."

"நாளையா?" என்று கேட்ட பொன்மூக்கி கிளையில் தொப்பென்று உட்கார்ந்தாள். "சரி, கல்யாணத்தைச் சிறியதாக வைத்துக்கொள்வோம். நெருங்கியவர்கள் மட்டும் போதும்" என்றாள்.

அலங்காரத்துக்கு மயில் வந்தான். விருந்துக்கு மலையணில் வந்தாள். இசைக்குக் கரிச்சான் குருவி வந்தான். கிளிகள் கூட்டமாக வந்தன. மந்திகள் குடும்பத்தோடு வந்தன. மூங்கிற்பூவா, கொன்றைப்பூவா என்பதிலேயே பாதிப் பகல் போயிற்று.

அப்போது மரத்தடியில் சருகு நொறுங்கும் ஓசை கேட்டது. உடல் முழுவதும் சேறு காய்ந்து செதில் செதிலாக உதிர, காட்டுப்பன்றி ஒருத்தி நின்றிருந்தாள்.

"அக்கா, அல்லிக்குக் கல்யாணமாமே. நான் என்ன வேலை செய்ய வேண்டும்?"

பொன்மூக்கி ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டாள். "உனக்கெதற்குச் சிரமம்? மிகச் சிறிய கல்யாணம். நெருங்கியவர்களை மட்டும்தான் அழைக்கிறோம்."

பன்றி நிமிர்ந்து மயிலைப் பார்த்தாள், அணிலைப் பார்த்தாள், கிளிக்கூட்டத்தைப் பார்த்தாள், மந்திகளின் மூன்று தலைமுறைகளையும் பார்த்தாள்.

"ஆமாம், மிகச் சிறியதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"பூவிரிப்பில் அவள் கால் பட்டால் என்ன ஆவது?" என்றான் மயில். பொன்மூக்கி தலையசைத்தாள்.

மறுநாள் பிற்பகலில் கிழக்குச் சரிவு மணத்தது. பொந்து மரத்தைச் சுற்றிக் கொன்றைப்பூ முழங்கால் அளவுக்குக் கிடந்தது. அணில் அத்திப்பழங்களை வரிசைப்படுத்தினாள். கரிச்சான் ஏழு பறவைகளின் குரலில் பாடினான். அல்லி தாயின் அலகைத் தன் அலகால் ஒருமுறை தொட்டாள். பொந்துக்குள் நுழைந்து திரும்பி உட்கார்ந்தாள்.

"அம்மா, சேறு" என்றாள்.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

பொன்மூக்கி மாப்பிள்ளையின் தாயிடம் திரும்பினாள். "சேறு எங்கே, சம்பந்தி?"

"என்னைக் கேட்கிறீர்களே. சேறு பெண் வீட்டார் கொண்டுவருவதல்லவா?"

"எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான்."

"அப்படி ஒரு வழக்கத்தை நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன், சம்பந்தி."

உண்மை என்னவென்றால், அதை எவரும் கொண்டுவந்ததேயில்லை. ஒவ்வோர் ஆண்டும் சேறு ஓடைக்கரையில் தானாகக் கிடந்தது. கிடந்ததை அள்ளிக்கொண்டார்கள். இந்த ஆண்டுக் கோடையில் ஓடை வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. மூங்கிற்பூவைப் பற்றிப் பேசிய அலகுகளில் ஒன்றுகூட ஓடையை எட்டிப் பார்க்கவில்லை.

"பூவைத் திணித்து அடைத்தால் என்ன?" என்றான் மயில்.

"மரநாய் பூவை விட்டுவிடும், மாமா. என்னை விடாது" என்றாள் உள்ளிருந்து அல்லி.

மரநாய் என்ற சொல்லைக் கேட்டதும் பொன்மூக்கியின் இறகுகள் சிலிர்த்தன. அவளுடைய தங்கை ஒருத்தி அடைபடாத பொந்தில் ஒரே ஒரு மாலை தங்கினாள். மறுநாள் பொந்தடியில் நான்கு இறகுகள் கிடந்தன.

"வெளியே வந்துவிடு, அல்லி."

"வந்தால் பொந்து போய்விடும், அம்மா."

அடிமரத்தில் உடும்பு நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்மரத்துக் கிளையிலோ மரநாய் ஏற்கெனவே வந்து படுத்திருந்தது. அவசரமில்லாமல் தன் முன்காலை நக்கியபடி, "நீங்கள் நிதானமாக முடிவு செய்யுங்கள். எனக்கு அழைப்பெல்லாம் தேவையில்லை" என்றது.

சூரியன் மலைமுகட்டைத் தொட இன்னும் சிறிது நேரமே இருந்தது. பொன்மூக்கியின் கண்முன் நேற்று உதிர்ந்த சேற்றுச் செதில்கள் வந்து நின்றன. ஓடை வறண்ட கோடையில் அந்த உடம்பில் மட்டும் சேறு எங்கிருந்து வந்தது?

அவள் பள்ளத்தாக்கை நோக்கிப் பறந்தாள். நாணற்புதருக்குள், ஊற்று கசியும் ஒரு குழியில், பன்றி கழுத்தளவு சேற்றில் அமிழ்ந்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு உன்னை அழைக்க வந்தேன்" என்றாள் பொன்மூக்கி.

"நேற்றுச் சிறியதாக இருந்ததே, அக்கா. ஒரே நாளில் வளர்ந்துவிட்டதோ?"

"நேற்று நான் சொன்னது பொய். உன்மேல் இருந்த சேற்றைக் கண்டு முகம் சுளித்துச் சொன்ன பொய். இன்று அந்தச் சேற்றையே கேட்டு வந்திருக்கிறேன். வாசல் இன்னும் அடைபடவில்லை. மரநாய் எதிர்க்கிளையில் படுத்திருக்கிறது."

பன்றி சேறு தெறிக்க எழுந்தாள்.

"அதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்?"

அவள் கொடுத்த ஒரு குரலுக்கு ஒன்பது பன்றிகள் புதரை விலக்கிக்கொண்டு வந்தன. ஒன்பதும் குழியில் விழுந்து புரண்டன. முதுகில் கனமாக அப்பிய சேற்றோடு மலைச்சரிவில் ஓடின. கொன்றைப்பூ விரிப்பின் நடுவே மிதித்துக்கொண்டு போயின. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினான்.

பொன்மூக்கி பன்றியின் முதுகில் இறங்கினாள். கண்ணை மூடவில்லை, முகம் திருப்பவில்லை. அந்தப் பொன்னிற அலகைக் கொண்டைவரை சேற்றுக்குள் அழுத்தி, ஒரு கவளம் எடுத்து மகளிடம் கொண்டுபோனாள். அடுத்த கவளத்தைச் சம்பந்தி கொண்டுவந்தாள். அதற்கு மேல் எது யார் வழக்கம் என்று எவரும் கேட்கவில்லை.

உள்ளே அல்லி வேலையைத் தொடங்கினாள். அலகைத் திருப்பி, அதன் தட்டையான பக்கத்தால் சேற்றைத் தட்டித் தட்டி ஓரத்திலிருந்து எழுப்பினாள். முழு நிலவு அளவு இருந்த வாசல் பாதி நிலவாயிற்று, பலாச்சுளை அளவாயிற்று, நாவற்பழம் அளவாயிற்று. கரிச்சான் பாட மறந்தான். மந்திக்குட்டிகள் தாயின் மடியில் அசையாமல் இருந்தன. தட், தட், தட் என்ற அந்த ஓசை ஒன்றுதான் காடு முழுவதும் கேட்டது.

பொன்மூக்கியும் ஒரு காலத்தில் இப்படி உள்ளே இருந்தவள்தான். ஆனால் வெளியில் நின்று பார்ப்பது இதுவே முதல்முறை. வானம் முழுவதும் தனக்கு உரிய ஒரு பறவை, அந்த வானத்தைத் தன் அலகாலேயே கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறாள். ஒருவன் தவறாமல் வருவான் என்பதைத் தவிர அவள் கையில் வேறெதுவும் இல்லை. தன் அலகிலிருந்து சேறு சொட்டுவதைக்கூடப் பொன்மூக்கி உணரவில்லை.

வெயில் சாய்ந்தபோது வாசல் ஒரு கீறலாக இருந்தது. மரநாய் தாவிவந்து சுவரில் கால் வைத்தது. கீறலிலிருந்து ஓர் அலகு ஈட்டிபோல் வெளிப்பட்டு அதன் மூக்கைப் பதம்பார்த்தது. கீழே பத்துப் பன்றிகளும் தலை நிமிர்த்தி நின்றிருந்தன. வந்த வழியே மரநாய் போயிற்று. உடும்பு முன்னதாகவே போயிருந்தது.

பிறகு நெடுஞ்சிறகன் வந்தான். சிவக்கப் பழுத்த ஓர் அத்திப்பழத்தைக் கீறலில் வைத்தான். உள்ளிருந்து அலகின் நுனி மட்டும் தெரிந்தது. பழத்தை மெல்ல வாங்கிக்கொண்டது. கல்யாணம் முடிந்தது.

"சரி அக்கா, நாங்கள் கிளம்புகிறோம். பூவெல்லாம் சேறாகிவிட்டது" என்றாள் பன்றி.

பொன்மூக்கி கீழே இறங்கி அவள் எதிரே நின்றாள். "சாப்பிடாமல் போகக்கூடாது. முதல் பந்தி உங்களுடையது."

அணில் பழங்களை எடுத்துவந்தாள். பொன்மூக்கி பன்றியின் பக்கத்திலேயே அமர்ந்து உண்டாள். அலகை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

நீதி: அழுக்கென்று ஒருவரை ஒதுக்குமுன், உன் வீட்டுச் சுவர் எந்தச் சேற்றால் எழுந்தது என்று பார்.