சேற்றில் விழுந்த எருமையும் தொங்கலூர் ஜனநாயகமும்

ராஜா ஆட்சி ஒழிந்தது, இனி எதுவானாலும் ஊரார் நீங்களே கூடி முடிவெடுத்துக்கொள்ளுங்கள் என்று தண்டோராக்காரன் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து தொங்கலூர்க்காரர்கள் சொந்தமாகத் தும்முவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஊரைக் கூட்டுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில்தான் சடைச்சியின் சினை எருமை குளத்துச் சேற்றில் வயிறு வரை புதைந்துகொண்டது. சடைச்சிக்குப் புருஷனும் இல்லை, நிலபுலனும் இல்லை. எருமை கறந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். பாவம், அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யாராவது வந்து இழுங்களேன், என் பிழைப்பே போகுது!"

"இழுக்கலாம் தாயி. யார் இழுக்கிறதுன்னு முதல்ல முடிவாகணுமில்ல?" என்றார் உலகப்பன். பழங்கால நடைமுறையெல்லாம் அவருக்கு அத்துப்படி என்று ஊரில் பேச்சு.

பொம்பளைக்கு ஓட்டு இல்லை என்று உலகப்பன் சொல்லிவிட்டதால், பழைய முறைப்படி ஆம்பிளைகள் பெயரையெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒன்றை எடுத்தார்கள். மூக்கையன் பெயர் வந்தது. அவனோ மாமியார் ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவன் இருக்கும்போது மற்றவன் கை வைப்பது முறையில்லையே! எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சடைச்சி தலையில் அடித்துக்கொண்டு அழுததில் கொம்பையனுக்கு மனசு இளகிவிட்டது. "அது பழசு மாமா. இப்பெல்லாம் கை தூக்குறதுதான்" என்று கயிற்றைக் கொண்டுவந்தான். ஊரே சேர்ந்து இழுத்தது. எருமை பாதி வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

"இருங்கப்பா! இன்னும் ஓட்டே எடுக்கலையே. இழுக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க!"

எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டு ரெண்டு கையையும் தூக்கினார்கள். எருமை சர்ரென்று கழுத்து வரை உள்ளே போனது. கயிற்றை விடாத சடைச்சி மட்டும் கூடவே போய்ச் சேற்றில் குப்புற விழுந்தாள்.

"ஒருத்தி மட்டும் கை தூக்கல. எருமைக்காரியே எதிர்க்கட்சியா?" என்றார் உலகப்பன்.

"பொம்பளைக்கு ஓட்டே இல்லைன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க!" என்றான் கொம்பையன்.

நியாயமான கேள்விதான். பெண்களுக்கும் ஓட்டு உண்டென்று முடிவாவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை ரகசிய ஓட்டு. எல்லாரும் ஊருக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு பானையில் ஓலை போட்டார்கள். எண்ணினால் ரகசியம் வெளியே போய்விடும் என்பதால் பானையைக் கிணற்றில் போட்டார்கள். சடைச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் ஓட்டு அல்லவா!

திரும்பி வந்தால், எருமை கரையில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. சடைச்சி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள்.

"யாரைக் கேட்டு ஏறுச்சு?" என்று உறுமினார் உலகப்பன்.

"அதுவா வந்திருச்சு மாமா" என்றான் கொம்பையன்.

"தன்னிஷ்டத்துக்கா? இதுக்குப் பேருதான் சர்வாதிகாரம். உள்ளே தள்ளுங்கப்பா, முறையா எடுப்போம்."

சடைச்சி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஆமா, என் ஓட்டு வீணாப் போகக்கூடாது."

ஊரே திரண்டு ஒரே மூச்சில் தள்ளியது. எருமை நகர்ந்துகொண்டது. அத்தனை பேரும் இடுப்பளவு சேற்றில் விழுந்தார்கள்.

"இப்ப நம்மளைத் தூக்குறதா வேண்டாமா? ஓட்டெடுப்போமா?" என்றான் கொம்பையன்.

"விழுந்தவனே ஓட்டுப் போட்டா நியாயமாகுமா? கரையில இருக்கிறவங்கதான் சொல்லணும்" என்றார் உலகப்பன்.

எல்லாரும் எருமையைப் பார்த்தார்கள். காதில் ஈ மொய்க்க, அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

"தோத்துட்டோம்" என்றாள் சடைச்சி.

"மக்கள் தீர்ப்பை மதிக்கணும். அடுத்த தேர்தல் வரைக்கும் எல்லாரும் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, உலகப்பன் சேற்றுக்குள் சம்மணம் போட்டார்.